மதிலுக்குக் காசு அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு, யாழ்ப்பாண நகருக்குள் அப்பு ஆச்சி விட்டுப்போன வளவுக்கு மதில் கட்டுவிக்க யோசிக்கும் உறவுகளுக்கு,

வணக்கம்.

தை பிறந்த கையோடு எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் புளொக் கல் இறங்கத் தொடங்கிவிட்டது. வண்ணார்பண்ணை, கொட்டடி, நாவாந்துறை, சோனகதெரு, குருநகர், பாஷையூர் என்று நகரின் பழைய பகுதி எங்கும் இதே கதைதான். மாரி முடிந்து நிலம் காய்ந்ததும் வேலியைப் பிடுங்குவது, சித்திரைக்குள் மதிலை எழுப்பிப் பெயின்ற் அடிப்பது. காசும் உங்களுடையது, காணியும் உங்களுடையது. கட்டாதேயுங்கோ என்று சொல்ல நான் ஆள் இல்லை. நீங்கள் அதைத் திட்டமிடுகிற விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல்.

எப்படி நடக்கிறதென்று எனக்குத் தெரியும். மருமகன் ஒருவர் வளவைச் சுற்றி நடந்து வட்ஸ்அப்பில் காணொளி அனுப்புவார். எட்டடி உயரம், மேலே கம்பி, கேற்றில் சிங்கத் தலை, தூணுக்குத் தூண் விளக்கு என்று அங்கிருந்தே எல்லாம் முடிவாகும். கொந்தராத்துக்காரர் அடிக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்வார். எல்லைக் கோடு எது, தண்ணீர் எங்கே போகும், ஒழுங்கை எவ்வளவு அகலம் என்ற மூன்று கேள்வியையும் இந்தப் பேச்சில் யாரும் கேட்பதில்லை. பிறகு அயலவர் பொலிசுக்குப் போனதும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, 'ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ' என்பார்கள். அந்த நேரத்தில் கொங்கிறீற் இறுகிவிட்டிருக்கும்.

வேலி அடைத்த காலத்தில் இந்தச் சிக்கல் குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிடுகு வேலியோ பனையோலை வேலியோ அடைக்கும்போது ஒருவர் வளவுக்குள் நிற்பார். மற்றவர் வேலிக்கு அப்பால், அயலவரின் வளவுக்குள் நிற்பார். உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். அப்பால் நிற்பவர் கயிற்றை எடுத்து வரிச்சுத் தடியைச் சுற்றித் திருப்பி ஊசிக் காதில் விடுவார். இவர் இழுத்து இறுக்கி முடிவார். அயல் வளவுக்குள் ஆள் நிற்காமல் வேலை ஓடாது. ஆகவே என்ன கோபதாபம் இருந்தாலும், 'நாளைக்கு வேலி அடைக்கிறம், நாயைக் கட்டி வையுங்கோ' என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கறையான் அரித்த கதியாலுக்கு, அதாவது வேலிக்கு நட்ட தடிக்கு, பதில் புதுக் கதியாலை எந்தப் பக்கம் நடுவது என்ற பேச்சும் அந்த இடத்திலேயே முடியும். சில வேளை அந்த இடத்திலேயே தொடங்கும்.

பழைய வேலியைப் புகழ இதை எழுதவில்லை. இரவோடிரவாகக் கதியாலைத் தள்ளி நட்டவர்களும், ஒரு முழ நிலத்துக்காகச் சீதனக் காணியை ஈடு வைத்து வழக்காடியவர்களும் இதே ஊரவர்தான். உயர்ந்த கிடுகு வேலிக்குப் பின்னால், யாரைப் படலையோடு நிறுத்துவது என்ற சாதிக் கணக்கும் இருந்தது. மயிர்க்கொட்டிக் காலத்தில் பூவரசுக்குக் கிட்டப் போகவும் முடியாது. போனது போகட்டும். ஆனால் வேலிக்கு வருடா வருடம் நடந்த பேச்சை மதிலுக்கு ஒரே ஒருமுறைதான் பேசலாம். அந்த ஒருமுறை நீங்கள் இங்கே இல்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதலில் கோடு.

உங்கள் காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். பழைய நகர்க் காணி என்றால் 'கிழக்கு இன்னார் காணி, வடக்கு ஒழுங்கை' என்று நாலெல்லையும் பேரால் சொல்லியிருக்கும். பேர் சொல்லப்பட்டவர் செத்து இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருக்கும். பல உறுதிகளில் நில அளவைப் பிளான் இலக்கமே இராது. எழுத்தில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் ஒத்துவருவது அருமை. சிலருடைய உறுதியில் அவர்களுக்குச் சேர்ந்தது பிரிபடாத பங்கு மட்டும்தான். கூடவே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும், அதாவது வழிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உரிமையும், எழுதியிருக்கும். பிரிபடாத பங்கைச் சுற்றி மதில் கட்டுவதென்றால் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினை உறுதி முடிக்க வேண்டும். அது சரிவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்குத்தான். 'அண்ணைக்கும் எனக்கும் வாய்ப்பேச்சில பிரிச்சதுதானே' என்பார்கள். அண்ணை இருக்கும்வரை அது செல்லும். அண்ணையின் பிள்ளைகள் மெல்பேர்னில் இருந்து கேட்கும்போது செல்லாது.

இதோடு போர்க்காலமும் சேர்ந்துகொண்டது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட சோனகதெரு முஸ்லிம் மக்கள் நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்து அவசரத்துக்கு அடைத்த தகர வேலி பழைய கதியால் வரிசையில்தான் நின்றதென்று யார் சத்தியம் பண்ணுவது? இன்று நீங்கள் காணொளியில் காண்கிற வேலி ஐம்பது வருடத்து எல்லை என்று நினைக்க வேண்டாம்.

போன வருடம் ஓர் ஒழுங்கையில் அத்திவாரக் கிடங்கு வெட்டினார்கள். இரண்டடி போனதும் பழைய கிளுவைக் கதியாலின் வேர்க்கட்டைகள் சாணுக்கு ஒன்றாக வரிசையில் வந்தன. சிலது கறுத்துக் கரியாகி, சிலது வெட்டுவாயில் இன்னும் பச்சையாக. கிழக்கு மூலையில் அந்த வரிசை மேசன் கட்டிய கயிற்றுக்கு நேர் கீழே ஓடியது. மேற்கே போகப் போக உள்ளே விலகி, ஒழுங்கை முகப்புக்கு வரும்போது கயிற்றிலிருந்து ஒரு சாண் நம்மவர் பக்கமாக நின்றது. அதாவது கயிறு அடுத்த வளவுக்குள் நிற்கிறது. வெட்டுகிற பெடியன் அந்தக் கட்டைகளைக் கோடரியால் பிளந்து எறிந்துகொண்டிருந்தான். அவனில் பிழையில்லை, கிடங்கைத் துப்புரவாக்கச் சொன்னார்கள், துப்புரவாக்கினான். அந்தக் காணியின் எல்லைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, அது அன்றைக்கே அடுப்புக்குப் போய்விட்டது.

ஒரு சாண்தானே என்று சொல்லாதீர்கள். ஒரு பரப்பு என்றால் பதினெட்டுக் குழி, பத்துப் பேர்ச், 2722.5 சதுர அடி. 66 அடி நீளமும் 41¼ அடி அகலமும் உள்ள துண்டை எடுங்கள். நீளப் பக்கத்தில் ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டினால் போகிற நிலம் 49.5 சதுர அடி, ஏறக்குறையக் குழியில் மூன்றிலொன்று. வயல்வெளியில் அது ஒன்றுமில்லை. நாவாந்துறையிலும் குருநகரிலும் அரைப் பரப்புக்குள் வீடும் கிணறும் கக்கூசும் வைத்திருக்கிறவருக்கு அது சைக்கிள் போகிற வழி.

ஆகவே வேலியைப் பிடுங்க முன்னம், பழைய கதியால் அடி தெரியும்போதே, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கத்து ஆள் மட்டும் நின்றால் போதாது. அயலவரும் நிற்க வேண்டும், அவருடைய உறுதியும் மேசையில் இருக்க வேண்டும். மூலைகளுக்குக் கொங்கிறீற் கல் நட்டு, இரு பகுதியும் பிளானில் கையெழுத்து வைக்கட்டும். சிங்கத் தலைக்கும் தூண் விளக்குக்கும் கொடுக்கிற காசைப் பார்க்க இந்தச் செலவு பெரிதில்லை. உங்கள் சார்பில் இங்கே கையெழுத்து வைக்கிறவருக்கு அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) முறையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மருமகனின் வாய்வார்த்தை பிளானில் ஏறாது.

'நாங்கள் இல்லாத நேரம் காணி போயிடும், அதுதான் அவசரமா மதில்' என்று பலர் சொல்கிறீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உரித்துக்காரருக்கு எதிரிடையாகப் பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டவர் உரித்துக் கேட்கலாம். அதற்காக உங்கள் மதில் பிழையான கோட்டில் நின்றால் உங்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது, வழக்குத்தான் வரும். பங்காளிக்கு எதிராகப் பங்காளி பத்து வருடக் கணக்கு மட்டும் காட்டி உரித்தெடுப்பதும் இலகு இல்லை. 1983 மே முதல் 2009 மே வரை பயங்கரவாத நடவடிக்கைகளால் தங்கள் காணிக்கு வழக்காட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே வந்தது. இதையெல்லாம் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள், கொந்தராத்துக்காரரிடம் கேட்க வேண்டாம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நீங்கள் அயலவரின் வேலியைப் பிடுங்கி உள்ளே போனால், அவர் இரண்டு மாதத்துக்குள் நீதவான் நீதிமன்றத்தில், முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்குக்குப் போகலாம். அங்கே உறுதியை விரித்துப் பார்ப்பதில்லை. கடைசியாகக் காணியைக் கைவசம் வைத்திருந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். பாதி எழும்பிய மதில் அப்படியே நிற்க, நீங்கள் தவணைக்குத் தவணை காசு அனுப்பவேண்டி வரும். அதற்கு முன்னம் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே பெரிய செலவு இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கோடு சரிவந்தபின் அத்திவாரம். மதிலின் வெளிமுகம் கோட்டில் நிற்கவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். மதில் ஆறு அங்குலம் என்றால் அதன் அடிக் கொங்கிறீற் ஒன்றரை அடியாவது இருக்கும். மதிலை நடுவில் வைத்தால் அந்த அடி அயலவரின் நிலத்துக்குள் அரையடி போய்விடும். மேலே பார்த்தால் தெரியாது, அவர் நாளைக்குத் தன் சுவருக்குக் கிடங்கு வெட்டும்போது தெரியும். ஒன்று மதிலை உள்ளே எடுங்கள், அல்லது அடி முழுவதும் உங்கள் பக்கம் வரும்படி கம்பி கட்டச் சொல்லுங்கள். இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டால் கோட்டின் நடுவில் பொது மதிலாகக் கட்டிச் செலவைப் பாதியாக்கலாம், அதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். கடற்காற்றுப் படுகிற குருநகர், பாஷையூர்ப் பக்கம் என்றால் கம்பிக்கு மேல் கொங்கிறீற் மெல்லிசாக இருக்கக்கூடாது. ஐந்தாறு வருடத்தில் தூண் வெடித்து உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும்.

இப்போது தண்ணீர். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. நெடுங்காலமாக நாங்கள் குடித்ததும் குளித்ததும் சுண்ணக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீரைத்தான். அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கொட்டுகிற தண்ணீர் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு, அங்கிருந்து ஒழுங்கைக்கு, ஒழுங்கையிலிருந்து வெள்ளவாய்க்காலுக்குப் போகும். கதியால் வேலி தண்ணீரை மறிக்காது. மதிலின் அத்திவாரம் நிலமட்டத்துக்கு மேலே அரையடி வந்தாலே போதும், அது அணைக்கட்டு.

பிறகு நடப்பதைக் கேளுங்கள். முதல் மழையில் மதில் கட்டினவரின் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். அடுத்த வருடம் அவர் இரண்டு லொறி கிரவல் பறித்து நிலத்தை உயர்த்துவார். அவருடைய தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும். பக்கத்தவரும் மதில் கட்டிக் கிரவல் பறிப்பார். கடைசியில் ஒழுங்கையிலேயே பழைய வீடு, அறுபது வருடத்துக்கு முன்னம் கட்டின வீடு, கிடங்குக்குள் நிற்பதுபோல நிற்கும். அந்த வீட்டில் இருக்கிறவர் வெளிநாட்டுப் பிள்ளை இல்லாதவராக இருப்பார். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும், 2020 டிசம்பரில் புரெவி வந்தபோதும் அப்படியான வீடுகளில் தண்ணீர் எதுவரை நின்றதென்று சுவரில் கோடு இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள், மதிலின் உயரத்தை விட அந்தக் கோடுதான் உங்கள் திட்டத்துக்கு வேண்டியது.

வெள்ளத்தோடு கதை முடியாது. இந்த நெருக்கத்தில் ஒருவரின் மலசலகூடக் குழிக்கும் அடுத்தவரின் கிணற்றுக்கும் இடையில் பெரிய தூரம் கிடையாது. தண்ணீர் நாலு நாள் தேங்கினால் குழி நிரம்பி, வெடிப்பும் ஓட்டையுமான கல்லுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்கும். உங்கள் மதில் மறித்த தண்ணீர் உங்கள் அம்மாவின் கிணற்றுக்கே திரும்பி வரும். இதைச் சொன்னால், 'குழாய்த் தண்ணி வருதுதானே' என்கிறார்கள். குளிக்கிறதும் தோய்க்கிறதும் இன்னும் கிணற்றில்தான்.

ஆகவே மதிலின் அடியில், நிலமட்டத்தோடு, நாலு அங்குலக் குழாய்த் துண்டுகளைத் தண்ணீர் ஓடுகிற இடம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். எங்கே ஓடுகிறதென்று மேசனுக்குத் தெரியாது. ஒரு பெருமழை நாளில் வளவில் நின்றவருக்குத் தெரியும். குழாய்க்கு வலை போடுங்கள், இல்லாவிட்டால் எலியும் பாம்பும் வரும் என்று அடுத்த மாதமே சீமெந்து பூசி அடைத்துவிடுவார்கள். முற்றம் முழுவதும் கல் பதிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். மழை இறங்க மண் வேண்டும்.

ஒழுங்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நகரின் ஒழுங்கைகள் மாட்டு வண்டிக்கும் ஆள் நடைக்கும் போட்டவை. இரு பக்கமும் வேலி நின்றபோது வாகனம் உரசினால் ஓலை வளைந்து கொடுத்தது. மதில் வளையாது. முடக்கில் உள்ளவர்கள் மூலையைச் சதுரமாக எழுப்பாமல் மூன்றடியாவது சரித்து வெட்டிக் கட்டினால் அம்புலன்ஸ் திரும்பும், மலக்குழி உறிஞ்ச வருகிற பவுசர் திரும்பும், செத்த வீட்டு வாகனமும் திரும்பும். கேற் உள்பக்கமாகத் திறக்கட்டும், அல்லது தள்ளுகிற கேற்றாக இருக்கட்டும். படிக்கட்டையும் சரிவையும் ஒழுங்கைக்குள் நீட்டவேண்டாம். தெருப்பக்க மதிலுக்கு மாநகர சபையின் அனுமதியும் தெருக்கோட்டுச் சான்றிதழும் எடுக்கவேண்டும். 'எல்லாரும் எடுக்காமத்தானே கட்டினவை' என்கிற பதில் வீதி அகலிக்க வரும் நாளில் உதவாது.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். கள்ளன் பயம் என்று எட்டடி கேட்கிறீர்கள். எட்டடி மதிலுக்குள் இறங்கின கள்ளனை ஒழுங்கையில் போகிற யாரும் காணமாட்டார்கள். பகலில் அந்த வீட்டில் இருப்பது எழுபத்தைந்து வயது அம்மா ஒருவர். வேலி இருந்தபோது பக்கத்து வீட்டக்கா, 'என்ன மாமி, இன்னும் அடுப்பு மூட்டேல்லையோ?' என்று வேலியில் விட்ட ஓட்டையான பொட்டுக்குள்ளால் கேட்பார். அந்தப் பொட்டை அடைக்கும்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கிணறு பொதுக் கிணறென்றால் அங்கே ஒரு சின்னப் படலை விட்டே ஆகவேண்டும். அது தயவு இல்லை, உறுதியில் எழுதின பாத்தியதை.

என் யோசனை இது. தெருப்பக்கம் மூன்றடி, மூன்றரை அடிக் கல்மதில். அதன்மேல் கம்பி வலை. வலையில் ஒரு கொடி படரவிடலாம். அயல்பக்கங்களுக்குக் கொங்கிறீற் தூணும் கம்பியும் போட்டு இடையில் கிளுவையோ சீமைக்கிளுவையோ நடுங்கள். மறைப்பு வேண்டிய குளியலிடத்துக்கு மட்டும் ஆறடிச் சுவர் போதும். அத்திவாரம் தூணுக்குத் தூண் மட்டும் இருப்பதால் தண்ணீர் போகும், செலவும் குறையும், நாளைக்குக் கோட்டில் பிழை கண்டாலும் ஒரு தூணைப் பிடுங்கி நடலாம். தகரம் வேண்டவே வேண்டாம். வெயிலில் கொதிக்கும், உப்புக் காற்றில் நாலு மாரிக்குள் ஓட்டையாகும். முழு மதில்தான் வேண்டுமென்றால் கட்டுங்கள். மேலே சொன்ன கோட்டையும் குழாயையும் மூலையையும் பார்த்துக் கட்டுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் இந்த வருடம் மதில் கட்ட நினைத்திருக்கும் மூன்று வளவுக்காரரும் வெளியில் இருக்கிறீர்கள். உங்கள் மூன்று காணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. மூன்று பேரும் ஒன்றாகப் பேசி ஒரு நில அளவையாளரை ஒரே நாளில் கூப்பிட்டால் அளவுக் கூலியும் குறையும், பிளான்கள் ஒன்றோடொன்று முட்டாமலும் இருக்கும். பின்வளவில் இருக்கிற ஐயாவையும் அந்த நாளுக்குக் கூப்பிடவேண்டும். உங்கள் மூன்று பேரின் தண்ணீரும் அவருடைய வளவால்தான் போகிறது. அவருக்கு முதலில் நீங்களே எடுத்துக் கதையுங்கள், கொந்தராத்துக்காரரை அனுப்பவேண்டாம். மாசி நடுப்பகுதிக்கு முன்னம் நாளைச் சொன்னால் வேலி பிடுங்க ஒழுங்கு செய்த ஆட்களை அதுவரை மறித்து வைக்கலாம். அளக்கிற நாளில் நானும் நிற்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்